காலையில் மட்டும் ஏறிய கோடு

பிப்ரவரி 2, திங்கள்

ஒன்பதாம் படுக்கைக்கு ஆள் வந்துவிட்டது. பெயர் பூபதி. முப்பது வயது, திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் லாரியில் வேலை. அன்னூர் அருகே ஒரு தோட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே தூக்கியிருந்த இரும்புக் குழாய் கழன்று தலையில் விழுந்திருக்கிறது. சனிக்கிழமையே டாக்டர் சபேசன் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து, உறைந்திருந்த ரத்தத்தை நீக்கினார். தையல் போடுவதற்கு முன் எங்கள் சென்சர் பட்டையை மூளையின் மேல் வைத்தார். ஆராய்ச்சிக்கான சம்மதத்தைப் பூபதியின் அப்பா கொடுத்தார். மனைவி அப்போது இங்கே இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் செய்த பட்டைகளில் ஒரு மனிதருக்குள் போன நான்காவது இது. முதல் மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. இதுவும் செய்கிறது. பொட்டாசியம் மூன்றில் நிற்கிறது. நல்ல மூளையில் செல்களுக்கு வெளியே ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். இரவுக்கு பிரெட்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மனைவி வந்துவிட்டாள். சுகந்தி. பொங்கலன்று வீட்டில் ஏதோ சண்டை, ஆத்தூர் பக்கமுள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருக்கிறாள். விபத்துச் செய்தி அங்கேதான் போயிருக்கிறது. ஐ.சி.யு.வில் காலை எட்டரைக்கு ஒருவரையும் மாலை ஐந்து மணிக்கு ஒருவரையும் விடுவார்கள். காலைக்குச் சுகந்தி, மாலைக்கு மாமனார் நாச்சிமுத்து என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலிருக்க அதுதான் வழி என்று சிஸ்டர் ஜெசிந்தா சொன்னார்.

சிஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்வையாளர் நேரம் வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரைகளை மேலே சுருட்டிவிடுவார். "இருட்டுக்குள்ள படுத்திருந்தா, முடிஞ்சுபோச்சோன்னு வீட்டுக்காரங்க பயந்துருவாங்க மேடம்" என்பார். ஒன்பதாம் படுக்கை கிழக்கு ஜன்னலை ஒட்டியது. திரை ஏறியதும் தலையணைவரை பளிச்சென்று ஆகிவிடும்.

நான் பதிவை நிறுத்திவிட்டுக் கருவியின் இணைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சுகந்தி கணவரைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இந்த ஒயரு எதுக்குங்க மேடம்?"

"மூளையில பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கும்மா. செல்லுக்கு உள்ள நிறைய இருக்கும், வெளிய கொஞ்சமா இருக்கும். மூளை வேலை செஞ்சா கொஞ்சம் வெளிய கசியும், அப்புறம் உள்ள போயிடும். செல்லால தாங்க முடியலைன்னா மொத்தமா வெளிய கொட்டிடும். வெளிய எவ்வளவு இருக்குன்னு இது அளந்துட்டே இருக்கு."

"காதுக்குப் பின்னால ஒட்டியிருக்கறது?"

"அது வெள்ளிக் கம்பி. தராசுன்னா ரெண்டு தட்டு வேணுமில்ல? ஒரு தட்டு அசையாம நிக்கணும். அதுதான் இது. உள்ள இருக்கற பட்டை மாறும், இந்தக் கம்பி மாறாது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தத்தான் நாங்க உப்புன்னு கணக்குப் போடறோம்."

"உப்புக்கா இத்தன ஒயரு?" என்றவள் முதல் தடவையாகப் பூபதியின் கையைத் தொட்டாள். "ரசத்துல உப்பு கொறஞ்சாத் தட்டத் தள்ளிவிடற ஆளுங்க இவரு."

பிப்ரவரி 4, புதன்

இன்று காலை கோடு ஏறியது.

சுகந்தி வந்து பேசத் தொடங்கிய சில நிமிடங்களில், மூன்றில் நின்ற பொட்டாசியம் மெல்ல ஏறி நாலேகாலைத் தொட்டது. அவள் இருந்தவரை மேலேயே நின்றது. அவள் போய், சிஸ்டர் திரையை இறக்கியபின் பழைய இடத்துக்கு வந்தது. அதே பட்டையில் மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்கிறோம். அவற்றில் மாற்றம் இல்லை. மாலையில் பெரியவர் வந்து, மகனின் காலைப் பிடித்துக்கொண்டு "தம்பி, டேய் தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோடு அசையவில்லை.

கேஸ் வந்துவிட்டது. சாம்பார் வைத்தேன். துவைத்துப் போட்ட இரண்டு பெட்ஷீட்டும் மதியத்துக்குள் காய்ந்துவிட்டன.

பிப்ரவரி 5, வியாழன்

மறுபடியும். காலையில் ஏறியது, மாலையில் ஏறவில்லை.

சுகந்தி மானிட்டர் திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். எருமை கன்று போட்டது, தம்பிக்குப் பெண் பார்த்தது என்று ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தவள், பச்சைக் கோடு எழுவதைக் கண்டு பேச்சை நிறுத்தினாள்.

"மேடம், அது நானுங்களா?"

"இருக்கலாம்."

"அவருக்குக் கேக்குதுங்களா?"

"கேக்கலாம்."

இந்த இரண்டு சொற்களையும் அப்படியே எழுதி வைக்கிறேன். இவற்றுக்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் வெளியே போய் வராந்தாவிலிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பத்தாம் படுக்கைக்காரரின் மகள் என்னிடம் வந்து, எங்கப்பாவுக்கும் அந்த ஒயரை வையுங்களேன் என்று கேட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். மாசி பிறப்பதற்கு முன் இப்படி மேகம் கட்டுவதைப் பார்த்ததில்லை என்று வீட்டுக்காரம்மா சொன்னார். துணி காயவில்லை.

கோடு ஏறவில்லை. சுகந்திக்குத் தொண்டை கட்டியிருந்தது, அதிகம் பேசவில்லை. முகம் வாடிப் போனாள். "நாளைக்கிக் கஷாயம் குடிச்சுட்டு வர்ரனுங்க" என்றாள். என்னிடம் சொன்னாளா அவரிடம் சொன்னாளா தெரியவில்லை.

பிப்ரவரி 7, சனி

மேகம் கலைந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

நான் மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நின்று கம்பிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். நான் இருப்பது சுகந்திக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். பெட்ரூமில் பேசுகிற குரலில் பேசினாள்.

"ஏனுங்க, நான்தான். ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கிக் காலைல கூப்புட்டீங்கல்ல, போனு எங்கையிலதான் இருந்துச்சு. வேணும்னேதான் எடுக்கல. இன்னொருக்காக் கூப்புடட்டும், அப்ப எடுத்துக்கலாம்னு பாத்துட்டே உக்காந்திருந்தேன். நீங்க மறுக்காக் கூப்புடவே இல்ல. நேரா லாரிக்குப் போயிட்டீங்க."

கோடு ஐந்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. இதுவரை வந்ததில் இதுதான் உயரம்.

சுகந்தி துணியை விலக்கி என்னைக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "பாருங்க மேடம், பாருங்க. கேட்டுட்டாரு. கோவம் வந்துருச்சு. வரட்டுங்க, நல்லாத் திட்டட்டும்."

தலைக்குள் அழுத்தமும் அப்போது சற்றுக் கூடியிருந்தது. டாக்டர் சபேசன் வந்து கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் கொஞ்ச நேரம் பூபதியின் காதருகே குனிந்து வெள்ளிக் கம்பியைப் பார்த்தேன். ஒட்டியிருக்கும் தாள் கண்ணாடிபோல் தெளிவானது. ஒட்டு விடவில்லை. ஜெல் காயவில்லை.

கறுப்பு நாடா வாங்க வேண்டும். ஆய்வகத்தில் இருந்த சுருள் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடுமுறை. தலைவலி. கடைகள் மூடியிருந்தன.

பிப்ரவரி 9, திங்கள்

காலை டாக்டர் சபேசனின் அறையில் கூடினோம். அவர், நான், சிஸ்டர் ஜெசிந்தா. நேற்றும் கோடு ஏறியிருக்கிறது.

"அந்தப் பொண்ணு வந்தா ஏறுது. பெரியவர் வந்தா ஏறல. அவ பேசும்போது பிரஷரும் கூடுது" என்றார் டாக்டர். "ஏற்கெனவே மூச்சு முட்டிக் கிடக்கற மூளை இது. ஒவ்வொரு தடவையும் பொட்டாசியம் வெளிய கசியுது, அத உள்ள இழுக்கறதுக்கு அது பாடுபடுது. இன்னும் எத்தனை தடவை தாங்கும்? பாசம்தான், ஆனா நமக்கு அத வச்சுப் பாக்க முடியாது."

"வெள்ளிக்கிழமை ஏறல" என்றேன்.

"அன்னைக்கு அவ பேசல. அதுவும் பொருந்துது பாருங்க." கொஞ்சம் நிறுத்தி, "சென்சர்ல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா வத்சலா?" என்று கேட்டார்.

"பட்டையோட அளவீடு சரியா இருக்கு" என்றேன். அது உண்மை.

காலைப் பார்வை நிறுத்தப்பட்டது. ஜன்னல் திரை நாள் முழுவதும் இறங்கியே இருக்கும், வெளிச்சமும் சத்தமும் குறைவாக வைக்க வேண்டும். மாலையில் பெரியவர் மட்டும் ஐந்து நிமிடம் வரலாம், அவரால் கோடு ஏறுவதில்லை.

டாக்டர் இதை வராந்தாவில் வைத்து இருவருக்கும் சொன்னார். மென்மையாகத்தான் சொன்னார். அவர் நகர்ந்ததும் நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "டாக்டரே சொல்லிப்போட்டாரு. நீ வாயத் தொறந்தா அவனுக்கு ஆகறதில்ல. பொங்கலன்னைக்குத் தொறந்த வாயி, எம்பையன் உசிரு போகங்காட்டியும் மூடமாட்டயாட்ட இருக்குது."

சுகந்தி அவரைத் தாண்டி நடந்தாள். என்னிடம் வந்தாள்.

"ஏறுறது நல்லதுன்னு சொன்னீங்களே மேடம்?"

"நல்லதுன்னு நான் சொல்லலம்மா. கேக்கலாம்னுதான் சொன்னேன்."

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் கோடு மூன்றிலேயே கிடந்தது. "பாத்தீங்களா?" என்றார் டாக்டர் சபேசன்.

சுகந்தி ஊருக்குப் போகவில்லை. இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் எழுந்து நிற்கிறாள். லிப்டில் போக ஆரம்பித்திருக்கிறேன். முழங்கால் வலி.

பிப்ரவரி 11, புதன்

கறுப்பு நாடா வாங்கினேன், இரண்டு சுருள். திரை இறங்கியே இருப்பதால் ஒன்பதாம் படுக்கைக்கு இப்போது தேவைப்படாது. பையில் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

பூபதி இறந்துவிட்டார்.

விடியற்காலையிலிருந்தே தலைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மூளையின் வீக்கம் மருந்துக்கு அடங்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். காலை பத்து மணிவாக்கில் மின்னலைகள் ஒவ்வொன்றாக மட்டமாயின. அதன்பின் பொட்டாசியம் எழுந்தது. மூன்று, ஐந்து, பத்து. கண் முன்னால் இருபதைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது. படியேறுவதுபோல் அல்ல, சுவரைப்போல எழுந்தது. ஐம்பதுக்குமேல் போய் நின்றது, இறங்கவே இல்லை. எங்கள் பட்டை அதைச் சிறிதும் பிசகாமல் பதிந்தது. செல்கள் மொத்தமாகக் கைவிடும்போது உப்பு இப்படித்தான் கொட்டும் என்று நூல்களில் படித்திருக்கிறேன், எலிகளில் பார்த்திருக்கிறேன். காலையில் ஏறிய கோடு இதன் சாயலில்கூட இல்லை. அதை டாக்டர் சபேசனும் பார்த்தார். அந்த நேரத்தில் அதைப் பேச முடியாது.

பெரியவரை உள்ளே அழைத்தார்கள். சுகந்தியை அழைத்துவரச் சிஸ்டர் ஆள் அனுப்பினார். படிக்கட்டில் அவள் இல்லை. மூன்று நாளாக அங்கேயே இருந்தவள், முகம் கழுவக் கீழே போயிருக்கிறாள். வந்து சேர்ந்தபோது கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் நாச்சிமுத்து சத்தம் போடவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பேசிப் பேசியே எம்பையன அனுப்பி வச்சுட்ட. இனி நிம்மதியா இரு அம்மிணி."

சுகந்தி ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

தண்ணீர் வரும் நாள். குடங்கள் நிரப்பினேன். ஆய்வகத்துக்குப் போகவில்லை.

பிப்ரவரி 14, சனி

பட்டையை எடுத்தபின், தெரிந்த அளவு உப்பு கலந்த கரைசல்களில் அதை மறுபடி சோதிக்க வேண்டும். அது முறை. சோதித்தேன். பட்டை துல்லியமாக இருக்கிறது.

பிறகு வெள்ளிக் கம்பியை மட்டும் தனியாக ஒரு பீக்கரில் வைத்து, இன்னொரு நல்ல மின்முனையோடு ஒப்பிட்டேன். பீக்கரை ஜன்னலோர மேஜையில் வைத்தேன். கையால் நிழல் கொடுத்தேன், எடுத்தேன். நிழலில் கோடு படுத்தது. வெயில் பட்டதும் எழுந்து, வெயில் இருந்தவரை நின்றது. எழுந்த உயரம் பத்து மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். பொட்டாசியமாகக் கணக்கிட்டால் மூன்றிலிருந்து நாலரைக்கு மேலே.

கம்பியின் மேலிருக்கும் வெள்ளிக் குளோரைடு வெளிச்சத்துக்கு அசையும் பொருள். பழைய புகைப்படத் தாளில் படம் விழுந்தது இந்தக் குணத்தால்தான். எங்கள் ஆய்வகத்தில் இந்தக் கம்பியை எப்போதும் கறுப்பு நாடா சுற்றித்தான் வைப்போம். முதல் மூன்று நோயாளிகளும் ஜன்னல் இல்லாத பக்கம் படுத்திருந்தார்கள்.

ஆக, அசையாமல் நிற்க வேண்டிய தட்டுதான் அசைந்திருக்கிறது. எட்டரைக்குச் சுகந்தி வருவாள். அவளுக்காகச் சிஸ்டர் திரையை ஏற்றுவார். கிழக்கு வெயில் பூபதியின் காதில் விழும். மாலையில் அந்த ஜன்னலில் வெயில் இல்லை.

இன்று உறுதியாகிவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒன்பதாம் படுக்கைக்கு வேறொருவர். காதருகே கறுப்பு நாடா ஒட்டினேன். "இது என்ன மேடம் புதுசா?" என்று சிஸ்டர் கேட்டார். இனிமேல் இப்படித்தான் என்றேன்.

டாக்டர் சபேசன் ஏப்ரல் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் எழுதுகிறார். பழக்கமான குரலுக்குக் காயம்பட்ட மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பது பொருள். சுகந்தி பேசிய காலைகளின் படங்களைக் கேட்டார். தொகுத்துத் தருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

படுக்கையறை ஜன்னலுக்குப் பழைய போர்வையை ஆணியடித்து மாட்டினேன். இந்த வருடம் வெயில் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது. கட்டிலையும் உள்சுவரோரம் நகர்த்திவிட்டேன்.

வீட்டுக்காரம்மா முறுக்கு கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "என்ன வத்சலா, பட்டப்பகல்ல இப்படி அடைச்சுக்கிட்டுக் கெடக்கறீங்க? கோழிதான் அடைகாக்கும்."

"கண் கூசுதுங்க" என்றேன்.

"டாக்டருங்க கூடவேதான இருக்கறீங்க, காட்டறது?"

பிப்ரவரி 22, ஞாயிறு

போர்வையில் பொத்தல் இருக்கிறது. எட்டரைக்கு அதன் வழியாக ஒரு கீற்று சுவரில் விழுகிறது. அது விழும்போது அவள் குரல் வருகிறது. ஏனுங்க, நான்தான். ஒண்ணு சொல்லோணும்.

ஊசி நூல் எடுத்துத் தைத்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

டாக்டர் சபேசனிடம் சொன்னேன். பீக்கர் சோதனையின் படத்தையும் அந்த வாரத்தின் படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மூட்டத்தைக் காட்டினேன். மின்னலைகளில் மாற்றம் இல்லாததைக் காட்டினேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கட்டுரையக் கிழிச்சுப் போடலாம், அது பெரிசில்ல" என்றார். "பிரஷர மட்டும் வச்சு நான் அந்தப் பொண்ண நிறுத்தியிருப்பேனான்னு யோசிக்கறேன். நிறுத்தியிருக்க மாட்டேன். அவ்வளவு கூடல அது. யாரு பக்கத்துல உக்காந்து பேசினாலும் அந்த அளவு கூடும்."

"அவர் பிழைச்சிருப்பாரா டாக்டர்?"

"இல்ல. முதல் நாள் ஸ்கேன்லயே எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா கடைசி மூணு நாள் அவ பக்கத்துல இருந்திருப்பா." பிறகு, "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"பதினாலாம் தேதி."

சரி என்று தலையசைத்தார். எல்லா மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை எழுதி அனுப்பலாம் என்றார். நான் எழுந்தபோது ஒன்று சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லணும்னு நினைப்பீங்க. சொல்லாதீங்க. உங்க பாரம் இறங்கும், அவளுக்கு ஏறும்."

"அவதான் கொன்னான்னு அந்த வீட்டுல சொல்றாங்க."

"ஒரு வருஷம் போனா ஓய்ஞ்சுடும் வத்சலா."

பிப்ரவரி 28, சனி

எச்சரிக்கைக் குறிப்பை எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். காரணம், விளைவு, தடுக்கும் வழி. ஒரு நோயாளியிடம் கவனிக்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறது.

மார்ச் 2, திங்கள்

சிஸ்டர் ஜெசிந்தாவிடம் விசாரித்தேன். காரியம் முடிந்ததும் சுகந்தியை மாமனார் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அம்மா ஊரில் இருக்கிறாள், ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ பேக்டரியில் வேலைக்குப் போகிறாள்.

"எதுக்கு மேடம்?"

"ஒரு விஷயம் சொல்லணும்."

"நல்ல விஷயமா?"

ஆமாம் என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

கோவையில் காலை பஸ் பிடித்துச் சேலம், அங்கிருந்து ஆத்தூர் பஸ். பேக்டரி வாசலில் இறக்கிவிட்டார் கண்டக்டர். மரவள்ளிக் கிழங்கு புளித்த வாடை ரோட்டிலேயே அடித்தது. வாட்ச்மேன் பின்பக்கம் போகச் சொன்னார்.

பின்பக்கம் ஜவ்வரிசி காயவைக்கும் சிமென்ட் களம். ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும். ஒரு நிழல் இல்லை. தரை முழுவதும் வெள்ளையாகப் பரப்பி, தலையில் துண்டு கட்டிய பெண்கள் மரப்பலகையால் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மேலிருந்தும் கீழிருந்தும் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சுகந்திதான் என்னைப் பார்த்தாள். பலகையை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"மேடம்! நீங்களா? இந்த வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் போட்ருவீங்க. இக்கட்டால, நெழலுக்கு வாங்க."

மூட்டை அடுக்கிய கொட்டகைக்குள் அழைத்துப்போய், சாக்கைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கறுத்திருந்தாள். முழங்கைவரை மாவு.

"யாருடி அது, ஒறம்பரையா? சொந்தக்காரங்களா?" என்று களத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"எங்கூட்டுக்காரரப் பாத்துக்கிட்ட மேடம்" என்று சுகந்தி பதிலுக்குக் கத்தினாள்.

சொல்வதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வெள்ளிக் கம்பி, வெயில், ஜன்னல், பீக்கர். அவளுக்குப் புரியும்படி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோடு ஏறியதற்கு அவள் காரணம் இல்லை. அவள் பேச்சால் அவருக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. டாக்டரும் அதை ஒத்துக்கொண்டுவிட்டார். தவறு எங்கள் கருவியுடையது.

"எங்களோட தப்பு" என்று திருத்திச் சொன்னேன்.

சுகந்தி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்தபின் கையிலிருந்த மாவை உரசி உரசி உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம ஏறலீங்களே? நான் பேசாததுனாலன்னு இருந்தேன்."

"அன்னைக்கு மேகம்மா."

"சனிக்கெழம அம்புட்டு ஏறுச்சே?"

"அன்னைக்கு நல்ல வெயில்."

"நான் அந்தப் போனு விசயம் சொன்னப்பத்தான் ஏறுச்சு. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன். வெயில் அப்பத்தான் தலைக்கு வந்துச்சு."

நான் அவள் முகத்தில் ஆறுதலைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

"அப்ப அவருக்குக் கேக்கவே இல்ல" என்றாள்.

"கேட்டுச்சா கேக்கலையான்னு அந்தக் கருவியால சொல்ல முடியாது சுகந்தி. கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க."

எனக்கு எப்போது தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு தேதி வைத்திருந்தேன்.

களத்தில் மேஸ்திரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாரனுங்க என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"இங்கிருந்து நேரா வீட்டுக்குங்களா?"

"இல்ல. திருச்செங்கோடு போறேன். உங்க மாமனார்கிட்டயும் சொல்லணும். உங்களத் தப்பா நினைச்சுட்டிருக்கார்."

"போகாதீங்க."

"அவர் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாருன்னு சிஸ்டர் சொன்னாங்க."

"ஆமாங்க. காரியத்தன்னைக்கு என்னய ஊட்டுக்குள்ள சேக்கல. இவ பேசித்தான் எம்பையன் செத்தான்னு டீக்கடையில, பஸ்ஸுல, போற பக்கமெல்லாம் சொல்றாரு." சுகந்தி என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "மேடம், நான் கடைசியாச் சொன்னது அவருக்குக் கேட்டுச்சுன்னு நம்பற மனுசன் இந்த ஒலகத்துல இப்ப அவரு ஒருத்தருதான். நீங்க போயி அதயும் இல்லன்னு சொல்லிப்போடாதீங்க. அவரு திட்டிக்கிட்டே இருக்கட்டும். நான் கேட்டுக்கறேன்."

கையை விட்டுவிட்டுக் களத்துக்குப் போனாள். வெள்ளைக்குள் போனதும் எந்தப் பெண் அவள் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் திருச்செங்கோட்டுப் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுங்கம்மா, உக்காரலாம், சீட்டு இருக்கு" என்றார். ஒரு காலைப் படியில் வைத்தேன். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு இறங்கி நின்றேன். பஸ் போனது. அடுத்ததும் வந்து, நிரம்பி, போனது. அதன்பின் எதிர்ப்பக்கம் நடந்துபோய்க் கோவைப் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.